எலும்போடு உறவாடும் உலோகம்

மூட்டு மாற்று அறுவைக்குப்பின் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களையும், தாடையில் பதித்த பல்லால் முறுக்குக் கடிக்கும் பாட்டிமார்களையும் இன்று நம் உறவினரிடையே காண்கிறோம். "உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்கள்" என்று சொல்வது நம் வழக்கம். அது இரும்பன்று. பதித்த பல்லின் வேரிலும் இடுப்பு மூட்டின் தண்டிலும் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம்.

இந்த உறவு எதிர்பாராமல் அமைந்தது. 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர் இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவ ஆய்வாளர், எலும்பினுள் குருதி ஓடும் விதத்தைக் காண விரும்பினார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியைப் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியால் நோக்கினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனை இறுகப் பற்றியிருந்தது. 1965இல், தாடைக் குறைபாட்டால் அவதியுற்ற யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானியப் பல்வேர்களைப் பதித்தார். 2006இல் லார்சன் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்குப் பயன்பட்டன.

இரும்பு துருப்பிடித்தால் உதிரும். டைட்டானியமும் ஒருவகையில் துருப்பிடிக்கிறது. ஆனால் அந்தத் துரு உதிர்வதில்லை! காற்றுப் பட்டவுடன் அது ஆக்சைடு படலம் ஒன்றைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்களே. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கீறல் விழுந்தாலும் படலம் உடனே மீண்டும் மூடிக்கொள்ளும். நம் உடல் தொடுவது உலோகத்தை அன்று, இப்படலத்தைத்தான்.

ஆகவே விஞ்ஞானிகளின் கவனம் மேற்பரப்பின்மீது திரும்பியது. துகள்களை வேகமாக வீசியும் அமிலத்தில் அரித்தும் அதனைச் சொரசொரப்பாக்கினர்; எலும்பு நன்றாகப் பற்றியது. பின்னர் இன்னும் நுட்பமான வழி வந்தது. ஃபுளோரைடு கலந்த கரைசலில் டைட்டானியத்தை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் தேன்கூடு போல் நெருங்கிய நுண்குழாய்கள் உருவாகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் குழாயின் விட்டமும் கூடும்.

எந்த விட்டம் நல்லது? இங்கேதான் சுவையான வழக்கு. 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், 15 நானோமீட்டர் குழாய்களில் மூல உயிரணுக்கள் செழித்தன, 100 நானோமீட்டரில் மடிந்தன என்றனர். 2009இல் கலிபோர்னிய ஆய்வாளர்களோ, 70 முதல் 100 வரையிலான குழாய்களில்தான் அவை நீண்டு எலும்பு உயிரணுக்களாக மாறின என்றனர். குழாயைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறை, எஞ்சிய ஃபுளோரைடு, கிருமி நீக்கிய விதம் ஆகியவைகூட முடிவை மாற்றவல்லவை.

கிருமிகளின் தொல்லையும் உண்டு. பதித்த பொருளின்மீது முதலில் குடியேறுவது உடலின் உயிரணுவா, கிருமியா என்னும் நிலையை "மேற்பரப்புக்கான பந்தயம்" என்று 1987இல் அந்தோணி கிரிஸ்டினா வர்ணித்தார். கிருமி முந்திவிட்டால், பல நேரங்களில் பொருத்தியதையே அகற்ற நேரிடும். நுண்குழாய்களில் மருந்தை நிரப்பிக் கசியவிடும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன.

"நானோ" என்ற சொல்லைக் கேட்டு மயங்கிக் கூடுதல் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இந்தப் பூச்சு எத்தனை ஆண்டுகள் நோயாளிகளிடம் பயன்பட்டிருக்கிறது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எலும்பிலுள்ளது போன்ற சுண்ணாம்புச் சத்துப் பூச்சுகள் சில, நாளடைவில் உரிந்ததும் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரையும் புகைப்பழக்கமும் எந்தப் பூச்சையும் தோற்கடிக்கக் கூடியவை. அறுவைக்கு முன்பே இவ்விரண்டையும் கவனிக்க வேண்டும்.

பொருத்தப்பட்டதன் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து மறு அறுவை தேவைப்பட்டால், அன்றைய மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.