வண்டிக்குள் ஓர் இரவு
மலைக்குளிரில் உறங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

மார்கழி பிறந்துவிட்டால் மலைநாட்டு மக்களின் உள்ளத்திலே யாத்திரை எண்ணமும் உடன் பிறந்துவிடுகின்றது. உந்துவப் போயா தினத்தன்று தொடங்கும் சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் போயா வரை நீடிக்கும். ஸ்பிரிங்வெளி, தெமோதரை, ஹாலிஎல ஆகிய இடங்களிலிருந்து உற்றாரும் உறவினருமாகச் சேர்ந்து ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, வெலிமடை, நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வோர் பலர். இளைஞர்களோ ஹப்புத்தளை, பொரலந்தை, ஒஹிய வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுகின்றனர். முகில் மூடுவதற்கு முன் உலக முடிவைக் கண்டுவிட வேண்டும் என்பது அவர்களது ஆவல்.

இவ்விரு பயணங்களுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. சூரியோதயத்திற்கு முன்னரே மலையடிவாரத்தை அடைந்திருக்க வேண்டும். விடுதியில் அறை எடுக்கப் பணம் இராது. பணம் இருந்தாலும் பருவ காலத்தில் அறை கிடைப்பது அரிது. ஆகவே வண்டியே அன்றிரவு வீடாகின்றது. முன் ஆசனத்தில் சாரதி, பின்னால் பாட்டி, தாய்மார், குழந்தைகள் என எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணயர்கின்றனர். இவ்வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகளிலே பனிச்சறுக்கு விளையாட்டிற்குச் செல்வோரும் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அதனுள்ளேயே இரவைக் கழிப்பதுண்டு. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் வாழும் நம் உறவினருக்கும் இவ்வனுபவம் கிட்டக்கூடும். எனவே இவ்விடயத்தை எல்லோரும் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நலம்.

குளிரின் கணக்கு

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹோர்ட்டன் சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேற்பட்டது. சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயரம் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பாடசாலையில் பயின்ற பாடம். ஆகவே பதுளையில் இரவு பதினெட்டுப் பாகையாயின், ஹோர்ட்டன் சமவெளியில் ஒன்பது பாகை அளவே இருக்கும். முகிலற்ற தை, மாசி இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகின்றது. கனமான குளிர்காற்றுப் பள்ளங்களில் வந்து தேங்குகின்றது. அப்பொழுது வெப்பநிலை மேலும் இறங்கி, புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் அப்பனியை நம் தோட்ட மக்கள் நன்கறிவர்.

நமுனுகுல மலைக்காற்றைத் தாங்கி வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். தோட்டத்தில் குளிர் வந்தால் அடுப்படி இருக்கின்றது, சுவர் இருக்கின்றது. வண்டியின் உடலோ மெல்லிய தகடும் கண்ணாடியுமே. இயந்திரத்தை நிறுத்திய சிறிது நேரத்தில் அதன் சூடு வெளியேறிவிடும். உறங்கும் மனிதன் ஒருவனின் உடல் எழுபது, எண்பது வாற்று வெப்பத்தையே வெளியிடுகின்றது. பழைய மின்குமிழ் ஒன்றின் வெப்பத்திற்கு இது சமம். அவ்வெப்பத்தை இழக்காமல் போர்த்திக் காப்பதே அறிவுடைமை. அதை மறந்து வண்டிக்குள் வெப்பத்தை உண்டாக்க முயலும்பொழுதுதான் ஆபத்து வாசற்படியில் வந்து நிற்கின்றது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

2022 ஜனவரி 7ஆம் திகதி இரவு, பாகிஸ்தானிலுள்ள முறீ என்னும் மலைவாசத்தலத்தில் பெரும் பனிப்பொழிவு ஏற்பட்டது. பனியைக் காணச் சென்ற ஆயிரக்கணக்கானோர் தம் மோட்டார் வண்டிகளுடன் பாதையிலே சிக்கிக்கொண்டனர். மறுநாள் பார்த்தபொழுது, குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வண்டிகளுக்குள்ளேயே இறந்து கிடந்தனர். அவர்களுட் பலரைக் கொன்றது குளிரன்று. குளிரை விரட்டுவதற்காக ஓடவிட்ட இயந்திரத்தின் புகையே என்று கூறப்பட்டது. பனி மூடிய புகைக்குழாயிலிருந்து வெளியேற முடியாத நச்சுவாயு வண்டியின் உள்ளே புகுந்தது.

அண்டை நாடாகிய இந்தியாவின் கேரளத்திலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 2024 டிசம்பரில் வடகரை என்னும் ஊரில், பாதையோரம் நிறுத்தப்பட்டிருந்த சொகுசு வண்டி ஒன்றினுள் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். வண்டியிலிருந்த மின்பிறப்பாக்கியின் புகையே அவர்களது உயிரைக் குடித்தது என்பது ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. அங்கே பனியும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. மூடிய வண்டியும் எரியும் எரிபொருளும் இருந்தன, அவ்விரண்டுமே போதுமானவையாயின.

இவ்வாயுவின் பெயர் காபனோரொட்சைட்டு. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டு செல்வது. காபனோரொட்சைட்டோ ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதனைப் பற்றிக்கொள்கின்றது. நெஞ்சு மூச்சு விடுகின்றது. ஆயினும் உடல் ஒட்சிசனின்றி வாடுகின்றது. பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வுண்மையை வெளிப்படுத்தினார். நிலக்கரிச் சுரங்கங்களில் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டு சென்றதும் இதன் பொருட்டே. பறவை மயங்கி விழுந்தால் மனிதர் வெளியேறிவிடுவர். உறங்கும் மனிதருக்கோ எச்சரிக்கை செய்வார் எவருமில்லை.

நம் நாட்டுக்கு உரிய சில காரணங்கள் இவ்வாபத்தை மிகுவிக்கின்றன. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. ஆகவே நம் பாதைகளில் ஓடும் வான்கள் பல வயதானவை. துருவேறிய புகைக்குழாயிலோ தரைத்தகட்டிலோ உள்ள சிறு துளை, ஓடும்பொழுது தீங்கு செய்யாமலிருந்து, நின்ற இடத்தில் இயந்திரம் இயங்கும்பொழுது நஞ்சை உள்ளே அனுப்பலாம். மலைப்பாதையில் இடமின்மையால் வண்டியின் பின்புறத்தை மண்திட்டோடு ஒட்டி நிறுத்துவதும் வழக்கம். அப்பொழுது புகை திட்டில் மோதித் திரும்பி வரும். டீசல் இயந்திரம் பெற்றோல் இயந்திரத்தை விடக் குறைவாகவே இந்நச்சை வெளியிடும் என்பது உண்மை. குறைவு என்பது இல்லை என்பதாகாது. யன்னலைச் சிறிது திறந்து வைத்தால் இயந்திரத்தை இயக்கலாம் என்று எண்ணுவதும் தவறு.

அடுப்படிப் பழக்கம்

லயத்து வாழ்க்கையில் நெருப்பு நமக்குத் தோழன். மழைக்காலத்தில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து குளிர் காய்ந்தே பழகியிருக்கின்றோம். அக்காலத்து யாத்திரிகர் அம்பலங்களில் தங்கியபொழுதும் விறகு மூட்டிக் குளிர் போக்கினர். அம்பலத்திற்கோ நாற்புறமும் திறந்த வெளி. லயத்திலும் கூரை இடுக்குகளினூடே புகை வெளியேறிவிடும். அவ்விடங்களில் தீங்கின்றி இருந்த நெருப்பு வண்டிக்குள்ளே நமனாக மாறிவிடுகின்றது. கரிச்சட்டி, சிறு வாயு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு ஆகிய எதனையும் மூடிய வண்டிக்குள் எரித்தல் ஆகாது. புகையில்லாமல் கனன்று கொண்டிருக்கும் கரியே மிகவும் கொடியது. புகை கண்ணை உறுத்தாமையால் அதனை எவரும் ஐயுறுவதில்லை.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. இந்நஞ்சின் முதற் குறிகள் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன. வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் வந்தவர்களுக்கு இவையெல்லாம் இயல்பாகவே வரக்கூடியவை. ஆகையால் “வண்டி ஒத்துக்கொள்ளவில்லை, படுத்தால் சரியாகிவிடும்” என்று தாய்மார் குழந்தையைப் படுக்க வைத்துவிடுவர். ஒரு விதியை நினைவில் வைத்தல் நன்று. நின்ற வண்டிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால், காரணத்தை ஆராய்ந்து கொண்டிராமல் உடனே அனைவரையும் வெளியே இறக்கிவிட வேண்டும். இயந்திரத்தை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். தெளிந்துவிட்டார் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. தூய காற்றில் இந்நஞ்சு பாதியாகக் குறைவதற்கே நான்கைந்து மணி நேரம் செல்லும். வைத்தியசாலையில் ஒட்சிசன் அளித்தால் அது விரைவில் நீங்கும்.

இதமாக உறங்கும் முறை

அவ்வாறாயின் குளிரை வெல்வது எங்ஙனம்? விடை நம் முன்னோர் தோளிலேயே இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையிலிருந்து போர்த்திய கம்பளி நனைந்த பின்னரும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்தித் துணி நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். வியர்த்த உடையையும் மழையில் நனைந்த காலுறையையும் மாற்றி, உலர்ந்தவற்றை அணிந்த பின்னரே உறங்க வேண்டும். தலைக்குக் கம்பளித் தொப்பி இன்றியமையாதது.

மேலே எத்தனை போர்வையிட்டாலும் கீழே வெறுந்தகடாயின் பயனில்லை. உரச்சாக்கு, அட்டைப்பெட்டி, பழைய பத்திரிகைத் தாள்கள் ஆகியவற்றைப் பல அடுக்காக விரித்து, அதன்மேல் படுக்கலாம். வாசகர்கள் படித்து முடித்த இப்பத்திரிகையும் அதற்கு உதவும். போத்தலில் வெந்நீர் நிரப்பி, நன்கு மூடித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தால் நெடுநேரம் இதம் தரும். உறங்குமுன் சூடான உணவு உண்பது உடலுக்கு எரிபொருள் இடுவதை ஒக்கும். மதுவோ சூடேற்றுவது போல் நடித்து, தோலின் குருதிக் குழாய்களை விரியச் செய்து, உள்ள சூட்டையும் வெளியேற்றிவிடும்.

பலர் ஒரு வண்டியில் உறங்கினால் மூச்சிலுள்ள நீராவி கண்ணாடியில் படிந்து, வடிந்து, போர்வைகளை நனைத்துவிடும். இயந்திரத்தை முற்றாக நிறுத்திய பின், எதிரெதிரான இரண்டு யன்னல்களை விரலளவு திறந்து வைத்தால் அவ்வீரம் வெளியேறும். சிறிது குளிர் வந்தாலும் உலர்ந்த போர்வை ஈரப் போர்வையினும் மேலானது.

கால்களை மடக்கி உட்கார்ந்தவாறே இரவு முழுவதும் உறங்குவதும் நன்றன்று. 2004 ஒக்டோபரில் யப்பானின் நீகாட்டாப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபொழுது, வீட்டிற்குள் செல்ல அஞ்சி வண்டிகளில் உறங்கியவர்களுட் சிலர், காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலை அடைத்தமையால் இறந்தனர். முதியோரும் கர்ப்பிணிகளும் இடையிடையே எழுந்து நடத்தல் வேண்டும்; தண்ணீரும் அருந்துதல் வேண்டும். இரவில் இறங்க நேருமே என்றஞ்சிப் பெண்கள் நீர் அருந்தாதிருப்பது தீங்கு. மலசலகூடத்திற்கு அருகே வண்டியை நிறுத்துவதே இதற்குப் பரிகாரம்.

நிறுத்தும் இடமும் சாரதியும்

ஊவா மாகாணத்திற்கு வடகீழ்ப் பருவக்காற்று மழை தருவது யாத்திரைப் பருவத்தின் தொடக்க காலத்திலேதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதை நாம் மறக்கவியலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண்சரிவை உண்டாக்கிற்று. ஆதலின் செங்குத்தான சரிவின் கீழும், ஓடைக் கரையிலும், பட்ட மரத்தின் அடியிலும் வண்டியை நிறுத்தி உறங்குதல் தகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருப்பின் பயணத்தையே ஒத்திவைத்தல் உத்தமம்.

இவை யாவற்றுக்கும் மேலாகச் சாரதியை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லதண்ணியில் நள்ளிரவில் எல்லோரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறச் சென்றுவிடுகின்றனர். சாரதி ஒருவரே வண்டியில் தனித்திருக்கின்றார். போர்வைகள் யாவும் மலையேறிவிட, குளிர் தாங்காது அவர் கதவையும் யன்னலையும் மூடி இயந்திரத்தை இயக்கிவிட்டு உறங்கினால் அவரைத் தட்டி எழுப்புவார் யார்? குளிருக்கு அஞ்சி உறங்காதிருந்தாலோ, மறுநாள் வளைவு நிறைந்த பாதையில் அரைத்தூக்கத்துடன் வண்டி ஓட்ட நேரும். வண்டியில் உள்ள அத்தனை உயிரும் அவருடைய இரு கண்களையே நம்பியிருக்கின்றன.

ஆகவே வாடகை பேசும்பொழுதே சாரதியின் உறக்கத்தையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். அவருக்கென ஒரு கம்பளி, ஒரு போத்தல் வெந்நீர், கால் நீட்டிப் படுக்க ஓர் ஆசனம் ஆகியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மலையேறுதல் வேண்டும். திரும்பி வந்தவுடன் புறப்படும்படி அவசரப்படுத்தாமல், அவர் தூங்கி எழும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு கம்பளியின் விலையையும் இரண்டு மணி நேரத் தாமதத்தையும் பெரிதாக எண்ணாத குடும்பமே, சென்றவர் அனைவரும் குறைவின்றித் திரும்பி வந்து தம் வாசற்படியில் இறங்கும் பேற்றினைப் பெறும்.