நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டுமானால்

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் தேர் நிலையைவிட்டுப் புறப்படும் காட்சியைக் கண்டிருப்பீர்கள். அங்கே இழுவிசை வடத்தில் இருக்கிறது. சக்கரங்கள் சுமையைத் தாங்கி உருள்வதன்றி வேறொன்றும் செய்வதில்லை. மாட்டு வண்டியும் அவ்வாறே. மோட்டார் வண்டியிலோ சக்கரமே தரையைப் பற்றிப் பின்னே தள்ளி, அதன் எதிர்விசையால் வண்டியை முன்னே செலுத்துகிறது. தரை பிடி கொடுக்கவில்லையென்றால் எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும் பயனில்லை. தேவனாம்பட்டினத்து மணலில் ஒரு பிக்கப் வண்டி சிக்கிக்கொண்டால் பின்சக்கரங்கள் குழி தோண்டுகின்றன. முன்சக்கரங்கள் சும்மா நிற்கின்றன. சுமை ஏற்றாத பிக்கப்பில் எஞ்சினின் கனம் முன்னேதான் இருக்கிறது. பாரம் தாங்கும் சக்கரம் இழுப்பதில்லை. இழுக்கும் சக்கரத்தின்மேல் பாரமில்லை. இக்குறையை நீக்க முன்சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டு செல்வதே நான்கு சக்கர ஓட்டம்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல் 1945 வரை, பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப் இவ்வகையில் புகழ்பெற்றது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் அதன் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். பிற்காலத்தில், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் உறுப்புகள் நான்கு சக்கர ஜீப்புக்கு நெருங்கிய உறவு உடையவை. ஆதலால், பழைய உறுப்புகளைத் தேடிப் பூட்டி, இரண்டை நான்காக்கும் வேலை பட்டறைகளில் நடந்து வந்திருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவரும் அதைச் செய்தார். அவர் கடலோரத்தில் மீன் பெட்டிகளையும் ஐஸையும் ஏற்றிச் செல்பவர். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கரையோரப் பாதைகள் மணல் மூடிக் கிடந்த அந்த நாட்களில் அவர் வண்டி பலமுறை சிக்கிற்று. மறு ஆண்டு, ஜீப்பின் அடித்தளத்தில் அமைந்த அந்தப் பழைய பிக்கப்பை மாற்றத் துணிந்தார். “ஐயா, இது சரிவருமா?” என்று ஒரு தாளில் படம் போட்டு வந்து கேட்டார். நான் பௌதிகம் கற்பித்தவன். படத்தைப் பார்த்துச் “சரிதான்” என்றேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

மாற்றவேண்டியவை எவை? கியர் பெட்டியின் பின்னே ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்னும் பகிர்வுப் பெட்டி வரவேண்டும். அது விசையை முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டாகப் பிரிக்கிறது. நெம்புகோலைத் தாழ்ந்த நிலையில் போட்டால், போர்க்கால ஜீப்பில் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காகும். வேகம் அதே அளவில் குறையும். இப்பெட்டி புதிதாக இடம் பிடிப்பதால் பின்பக்கத்துப் பிராப்பெல்லர் தண்டு குறுக வேண்டும். முன்பக்கத்துக்குப் புதிய தண்டு வேண்டும். பழைய ஜீப்பில் விசை வெளிவரும் வாய் நடுவில் இல்லை, வலப்புறம் ஒதுங்கியிருக்கும். ஆகவே அச்சின் நடுப்பெட்டியும் அதே புறம் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

முன் அச்சை முழுதுமே மாற்றவேண்டும். முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் அல்லவா? சாதாரணச் சிலுவை மூட்டு கோணத்தில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கையில் உதறல் தெரியும். இதற்காகவே சீரான வேகம் தரும் மூட்டுகளைப் போர்க்கால ஜீப்பில் அமைத்தார்கள்.

இனி, நான் கேட்கத் தவறிய கேள்விக்கு வருகிறேன். அச்சின் நடுப்பெட்டியில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நம் மாணவரின் பின் அச்சில் கிரவுனுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8. சென்னைப் புதுப்பேட்டையில் பொறுக்கி வாங்கிய முன் அச்சில் 39, 8. அதாவது பின்சக்கரம் 100 சுற்றுச் சுற்றும்போது முன்சக்கரம் 110 சுற்றுச் சுற்ற விழைகிறது. மணலில் சக்கரம் சற்று வழுக்கி இப்பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் எங்கே வழுக்குவது? அந்த வேறுபாடு முழுவதும் தண்டுகளிலும் பற்களிலும் முறுக்காக ஏறுகிறது.

பற்கள் ஒத்திருந்தாலும் கூட, இத்தகைய வண்டியைத் தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தில் செலுத்தலாகாது. மாட்டுவண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றுகிறது. இரண்டும் அச்சில் தனித்தனியே உருள்வதால் தொல்லையில்லை. மோட்டார் வண்டியில் இடவல வேறுபாட்டை டிஃபரன்ஷியல் தீர்க்கிறது. ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அந்த முன்பின் வேறுபாட்டைத் தீர்க்கப் பழைய ஜீப்பில் எந்த அமைப்பும் இல்லை.

மணலில் வண்டி அழகாக ஓடிற்று. ஒரு வாரம் கழித்து, மீன் பாரத்தோடு மணலிலிருந்து சாலையேறியவர் நெம்புகோலை இழுத்திருக்கிறார், அது வரவில்லை. முறுக்கு ஏறிய பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருந்தன. அப்படியே ஓட்டிச்சென்று ஒரு வளைவில் திருப்பியபோது, பகிர்வுப் பெட்டி பிளந்து எண்ணெய் கொட்டிற்று. பின்னே பெட்டிகள்மேல் இருவர் அமர்ந்திருந்தனர். அவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இன்னொன்று. பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திற்று. பதிவு அலுவலகத்தைக் கேளாமல் ஸ்பானரை எடுப்பது தவறு. அன்று நாங்கள் இருவருமே அதை எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குச் சென்றேன். பெட்டியைத் திறக்காமலே பற்களின் விகிதத்தை அறிய ஒரு வழி உண்டு. தண்டைக் கழற்றிவிட்டு, ஒரு சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, மற்றதை ஜாக்கியால் தூக்கவேண்டும். பினியனின் தலையில் சாக்குக்கட்டியால் மேல்நோக்கி ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இருமுறை சுற்றவேண்டும். ஏன் இருமுறை என்பதை மாணவர்களே எண்ணிப் பாருங்கள். ஒரு சக்கரம் நிற்கும்போது கிரவுன் பாதி வேகத்தில்தான் சுழலும். பின் அச்சில் கோடு ஐந்து சுற்றுக்கு மேல் எட்டில் மூன்று பங்கு சென்றது. முன் அச்சில் நான்கு சுற்றுக்கு மேல் எட்டில் ஏழு பங்கு. சரியாக அரைச் சுற்று வேறுபாடு. இரு கோடுகளும் நேர் எதிர்த்திசையில் நின்றன. மாணவர் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு முன் அச்சு தேடப் புதுப்பேட்டைக்கு ரயிலேறினார்.