பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார்!

நம் வீட்டு அடுப்பில் வேகும் அரிசியும், குழந்தைகளுக்கு அவித்துக் கொடுக்கும் முட்டையும், எதிர்வீட்டில் எழும்பும் சுவருக்கு வேண்டிய சிமெண்டும் ஏதோ ஓர் இரவில் லாரி ஏறி வந்தவைதாம். ஊர் உறங்கும் வேளையில் இரண்டு பேர் கண் விழித்து அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஆயினும் நாம் லாரியை நினைப்பது எப்போது? நமது பஸ்ஸுக்கு வழிவிடாமல் அது ஊர்ந்து செல்லும்போதும், அது கவிழ்ந்த செய்தியைக் காலைப் பத்திரிகையில் படிக்கும்போதும் மட்டுமே.

2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் விபத்துக்குப் பலியானவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கே கூறுகிறது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். யுத்தம் எதுவும் இல்லாத காலத்திலே, அந்நிய சத்துரு எவனும் இல்லாமலே, நம் தேசம் கொடுக்கும் பலி இது. எல்லாவற்றுக்கும் லாரிகளே காரணம் என்று சொல்வது அநீதி. ஆனால், கனத்த வண்டி தவறினால் சேதமும் கனத்தே இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே சாலையோரத்தில் லாரியை நிறுத்திச் சோதனை செய்வது எதற்காக, அதற்கு ஆயத்தமாவது எப்படி என்பது லாரி முதலாளிகளுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஜனங்கள் சூட்டிய பெயர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பது. சர்க்கார் பெயரைவிட இதுவே பொருள் நிறைந்தது. அவர் பார்க்க வேண்டியவற்றுள் தலையாயது எது என்பதை ஜனங்கள் நன்கு அறிந்தே பெயர் வைத்தார்கள். ஆனால் நடைமுறையில் சாலையோரச் சோதனை பெரும்பாலும் காகிதச் சோதனையாகவே முடிந்துவிடுகிறது.

காகிதங்களும் வேண்டியவையே. பதிவுச் சான்று, பெர்மிட், இன்ஷூரன்ஸ், வரி கட்டிய ரசீது, புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக 'எப்.சி.' எனப்படும் தகுதிச் சான்று ஆகிய இவை இல்லாமல் வண்டி புறப்படலாகாது. புது லாரிக்குத் தகுதிச் சான்று இரண்டு வருஷத்துக்கு உண்டு. எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். இப்போது இவற்றைக் கைப்பேசியில் டிஜிலாக்கர் மூலம் காட்டினாலும் செல்லும். தேதிகளை ஒரு அட்டையில் எழுதி டிரைவர் கண்ணில் படும்படி மாட்டிவைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது பாரம். ஆறு சக்கர லாரி தன் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்து 16.2 டன் இருக்கலாம் என்றிருந்ததை 2018-ம் வருஷத்தில் 18.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். போகும் வழியில் பத்துக் கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. மிகைச் சரக்கை இறக்கச் சொல்லவும் உரிமை உண்டு. சாலையோரத்தில் மூட்டைகளை இறக்கிவைத்துக் காவல் காப்பதைவிட, புறப்படும் ஊரிலேயே எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் அல்லவா?

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். ஓடும் வண்டியின் வேகம் இருமடங்கானால் அதை நிறுத்த அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. பாரம் ஏறினால் அந்த அளவுக்கு அதுவும் ஏறுகிறது. அவ்வளவு சக்தியும் பிரேக்கில் உஷ்ணமாகவே மாற வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாய் இந்தக் கணக்கை எத்தனையோ முறை இரத்தத்தால் எழுதிக் காட்டியிருக்கிறது. டீசல் மிச்சமாகும் என்று எண்ணி இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தத் துணை போய்விடுகிறது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழ, அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடுகிறது. சில ரூபாய் டீசலுக்காக, முன்னால் போகும் காரில் இருந்த குடும்பம் அழிகிறது.

ஆதலால் சோதனைக்கு ஆயத்தம் என்பது வண்டியைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் செய்வதில் தொடங்குகிறது. நல்ல டிரைவர்கள் இதைக் காலைக் காப்பிக்கு முன்பே செய்துவிடுவார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஏர் டாங்கியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காற்றழுத்தம் ஏறியபின் எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை மிதித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'உஸ்' என்ற ஓசை எங்கிருந்து வந்தாலும் வண்டி பட்டறைக்குப் போக வேண்டியதே. டயரின் பொளி 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அது மொட்டை டயர். இரட்டைச் சக்கரங்களில் உள்ளே இருப்பது காற்றிழந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கிளீனர் இரும்புக் கம்பியால் தட்டினால் ஓசை காட்டிக் கொடுக்கும். வீல் நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் பட்டையில் விரிசல், ஸ்டீயரிங்கில் மிகுந்த ஆட்டம் இவற்றையும் பார்க்க வேண்டும். வழியில் டீக்கு நிறுத்தும்போது சக்கரக் குடங்களின் அருகே கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பது அங்கே பிரேக் இழுத்துப் பிடிக்கிறது என்றோ பேரிங் கெட்டது என்றோ எச்சரிக்கும்.

இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் லாரி எமனுக்குச் சமானம். பின் விளக்குகள் எரிய வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் என ஒளி திருப்பும் பட்டைகளைத் துடைத்து வைக்க வேண்டும். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் கம்பியும், பழுதானால் சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணமும், முதலுதவிப் பெட்டியும் அலங்காரப் பொருள்களல்ல.

வண்டியைப் பார்த்தோம், வண்டியோட்டியைப் பார்க்க வேண்டாமா? 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி வேலை என்றும், ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வு என்றும் விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. டிரைவரோ ஸ்டீயரிங்கில் இருந்தார். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று விதி வந்திருப்பது நல்ல காரியம். ஆனால் உறக்கத்துக்கு ஈடான யந்திரம் எதுவும் கிடையாது.

அமெரிக்கா, கானடா, மெக்ஸிகோ தேசங்களில் நடக்கும் ஒரு வழக்கத்தை இங்கே சொல்வது பயன்படும். 1988-ம் வருஷத்தில் தொடங்கி, வருஷந்தோறும் 72 மணி நேரம் சாலையோரங்களில் லாரிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். முழுச் சோதனைக்கு 37 படிகள். இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியிலே படுத்துச் சென்று பிரேக்கின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்க்கிறார். டிரைவர் எத்தனை மணி ஓட்டினார் என்பதும் சோதிக்கப்படும். அமெரிக்காவில் சரக்கு லாரிக்காரர் பத்து மணி ஓய்வுக்குப் பின் பதினோரு மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. பெருங்குறை கண்டால் அபராதத்தோடு விடுவதில்லை. பழுது பார்க்கும் வரையில் வண்டி நகரக் கூடாது. 2023-ல் முழுமையாகப் பார்த்த வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அவ்விதம் நிறுத்தப்பட்டது. தேறிய வண்டிக்கு மூன்று மாதம் வரை செல்லும் ஒட்டுச்சீட்டு கிடைக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், சோதனைத் தேதியை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். திருடனுக்குத் தகவல் சொல்வதுபோல் இருக்கிறதே என்று தோன்றலாம். நோக்கம் பிடிப்பது அன்று, பழுது பார்க்க வைப்பது என்று உணர்ந்தால் அதன் அழகு விளங்கும்.

இந்த நோக்கம் நமக்கும் புதிதன்று, மறந்துபோனது, அவ்வளவே. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கரும்பலகைக்குக் கரி பூசி, பையன்களுக்கு நாலு விடைகளை நெட்டுருப் போடுவித்துச் சமாளிக்கும் உபாத்தியாயர்கள் உண்டு. இன்ஸ்பெக்டர் திருப்தியோடு போய்விடுவார். மார்ச் மாதத்துப் பரீட்சையோ அந்த நாலு கேள்வியைக் கேட்பதில்லை. எப்.சி. காட்டுவதற்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிப் பிறகு கழற்றிவிடுவதும் இதே ஜாதிதான். லாரியின் பரீட்சை மலை இறக்கத்தில் நடக்கிறது. அங்கே இரவல் டயர் உதவாது. சாலையோரத்தில் கைமாறும் ரசீதில்லாத காசும் எந்தப் பிரேக்கையும் பழுது பார்த்ததில்லை.

நிறுத்தச் சொன்னால் டிரைவர் இடப்புறம் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து, காகிதங்களை மரியாதையோடு நீட்டட்டும். அதிகாரி காகிதத்தைப் பார்த்தபின் குனிந்து சக்கரத்தையும் பார்க்கட்டும். அபராதம் விதித்தால் ரசீது கொடுக்கட்டும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரித் தொழிலை வளர்த்த உழைப்பாளிகளுக்கு இந்த நெறியைக் கைக்கொள்வது முடியாத காரியமன்று.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீடு கட்டும்போது "இன்னும் கொஞ்சம் செங்கல் ஏற்றிவிடப்பா" என்று கூலியை மிச்சம் பிடிப்பவர் நாம். "விடிவதற்குள் சரக்கு வந்தாக வேண்டும்" என்று கடைக்காரரை விரட்டுபவரும் நாமே. அந்த இரண்டு சொற்களும் லாரியின் அச்சின் மேலும் டிரைவரின் கண்ணிமை மேலும் போய் உட்காருகின்றன. அடுத்த முறை நம் வாசலில் லாரி வந்து நிற்கும்போது சரக்கை எண்ணுவதற்கு முன், "இராத்திரி தூங்கினீர்களா?" என்று டிரைவரை ஒரு வார்த்தை கேட்போம்.