உறங்காத கைத்தொலைபேசி

நல்லூரிலே ஒரு வீடு. அவ்வீட்டில் முதிய தாயார் ஒருவர் தனித்து வாழ்கிறார். மகன் இருப்பது கனடாவின் ரொறன்ரோ நகரில். நல்லூரில் நள்ளிரவாகும்போது அங்கே கோடைகாலத்தில் பிற்பகல் இரண்டரை மணி. மகனுக்கு ஓய்வு கிடைப்பதும் தாயுடன் பேச நினைப்பதும் பெரும்பாலும் அந்த வேளையிலேதான். ஆகவே, இரவு பத்து மணிக்குத் தாயார் தமது கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறார். அப்போது மின்கலம் நூற்றுக்கு 80 எனக் காட்டுகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் 64. ஒருவரும் அழைக்கவில்லை, அவரும் தொடவில்லை. பதினாறு பங்கு எங்கே போயிற்று?

ஓட்டைக் குடத்திலிருந்து நீர் ஒழுகுவதுபோல மின்கலத்திலிருந்து மின் ஒழுகுகின்றது என்பதே பலரும் முதலிற் கொள்ளும் எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது பொருந்தாது. இக்காலக் கைத்தொலைபேசிகளில் உள்ளது லிதியம் அயன் மின்கலம். 1991ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது இது. இதனை உருவாக்கியமைக்காக குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபெல் பரிசு கிடைத்தது. சும்மா வைத்திருந்தால் இம்மின்கலம் தானாக இழப்பது மாதமொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மாத்திரமே. எட்டு மணி நேரம் என்பது மாதத்தின் தொண்ணூறில் ஒரு பங்கு. அப்படியானால் ஓரிரவில் ஒழுகக்கூடியது ஒரு பங்கின் முப்பதில் ஒன்று. பதினாறுக்கு இது எம்மட்டு? மின் ஒழுகவில்லை, செலவாகியிருக்கிறது. தாயார் உறங்கினார், கைத்தொலைபேசி உறங்கவில்லை.

மின்கலத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வடக்கே கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் உலர் மின்கலமும் ஒன்றாயிற்று. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்னில் வீட்டார் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஓய்ந்துபோன மின்கலங்களை வெயிலிற் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வானொலிப் பெட்டிக்கு ஒரு நற்குணம் இருந்தது. குமிழைத் திருப்பி ‘டிக்’ என்ற ஒலியுடன் நிறுத்தினால் மின்சுற்று அறுந்துவிடும். அதன்பின் அது எதையும் உண்ணாது. இன்றைய கைத்தொலைபேசியிலோ ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் திரை மட்டுமே அணைகிறது. உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கிறது.

அந்த வேலை யாது? முதலாவது, காது கொடுத்துக் கேட்டல். அழைப்பு எப்போது வரும் என்பது தெரியாதாகையால், ஒன்று அல்லது இரண்டு விநாடிக்கு ஒருமுறை கைத்தொலைபேசி கணநேரம் விழித்து, ‘எனக்கு அழைப்பு உண்டா?’ எனக் கோபுரத்தின் அறிவிப்பைக் கேட்கிறது. இல்லையெனில் மீண்டும் கண்மூடுகிறது. படலையில் ஆளரவம் கேட்கிறதா என்று அடிக்கடி செவிசாய்க்கும் காவற்காரனைப் போன்றது இது. எட்டு மணி நேரத்தில் இவ்வாறு 10,000 தடவைக்கு மேல் விழிக்கிறது. எனினும், சமிக்ஞை நன்றாகக் கிடைக்குமிடத்தில் இதற்காகும் செலவு சொற்பமே.

இரண்டாவது, பேசுதல். இங்கேதான் பெருஞ்செலவு. செய்திச் செயலி, காலநிலைச் செயலி, படங்களைச் சேமிக்கும் செயலி என ஒவ்வொன்றும் தன் நிலையத்துடன் இடையிடையே தொடர்புகொள்கிறது. அனுப்புவது ஒரு வரியாக இருக்கலாம். முடிவது கண்ணிமைக்கும் நேரத்தில் இருக்கலாம். ஆயினும், மேலும் ஏதேனும் வரக்கூடும் என்று கைத்தொலைபேசியின் வானொலிப் பகுதி பத்து விநாடி வரையிற்கூட விழித்தபடியே காத்திருப்பதுண்டு. விருந்தினர் விடைபெற்றுப் போனபின்னும் விறாந்தை விளக்கை அணைக்காமல் விட்டிருப்பது போன்றது அது. இருபது செயலிகள் இருபது வேளைகளில் எழுப்பினால் விளக்கு இருபது தடவை எரியும். இதை உணர்ந்தே, 2015இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 6ஆம் பதிப்பில் ஓர் ஒழுங்கு செய்யப்பட்டது. அசையாமல், திரை அணைந்து கிடக்கும் கைத்தொலைபேசியில் செயலிகளின் அலுவல்களைத் தடுத்துவைத்து, இடைவெளிவிட்டு ஒருசேர நிறைவேற்றுவதே அவ்வொழுங்கு. ஆயினும் சில செயலிகள் அதற்கும் விலக்குப் பெற்றுவிடுகின்றன. விலக்குக் கேட்கும்போது ‘ஆம்’ என்று அழுத்துபவர் உரிமையாளரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, தொலைவு. கோபுரம் அருகிலிருந்தால் கைத்தொலைபேசி மெல்லப் பேசினாற் போதும். தொலைவிலிருந்தாலோ, கொங்கிரீற்றுச் சுவர்கள் இடையே நின்றாலோ உரக்கக் கத்த வேண்டும். நாலாம் தலைமுறைக் கைத்தொலைபேசி உச்ச அளவில் கத்தும்போது ஒரு வாற்றின் ஐந்தில் ஒரு பங்கு வலுவை அலையாக வெளிவிடுகிறது. அருகிலே பேசும்போது இதன் ஆயிரத்தில் ஒரு பங்கும் தேவைப்படாமற் போகலாம். சமிக்ஞை அடியோடு அற்றுவிட்டாலோ, எந்தக் கோபுரமாவது அகப்படுமா என்று அலைவரிசைகளையெல்லாம் துழாவத் தொடங்கும். மேற்சொன்ன தாயாரின் படுக்கையறை வீட்டின் நடுவே, இருபுறமும் தடித்த சுவர்களுக்கிடையே இருப்பது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மின்கலத்தின் வயதும் உண்டு. சில நூறு முறை மின்னேற்றியபின் அதன் கொள்ளளவு சுருங்குகிறது. செலவு முன்போலவே இருந்தாலும், சிறுத்த குடத்தில் நீர்மட்டம் விரைந்து இறங்குவதாகத் தோன்றும். யாழ்ப்பாணத்து வெயிலில் வெப்பமேறக் கிடந்த மின்கலம் இன்னும் விரைவில் மூப்படையும்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே’ எனலாம். விமான நிலையில் வைத்தால் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் குறையாதுதான்; ஆனால் மகனின் அழைப்பும் வராது. இணையவழி அழைப்பும் பின்னணித் தொடர்பு மூலமே வந்து சேர்வதால், அச்செயலியைக் கட்டுப்படுத்தினால் மணி ஒலிக்காமற் போகக்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, இவ்விரண்டில் எதை இழப்பது என்று பலர் இரவுதோறும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

குறையைக் கண்டறிய இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு வழக்கம்போல் வைத்துக் குறைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறு இரவு, அழைப்பு வராதென்று மகனிடம் முன்பே அறிவித்துவிட்டு, விமான நிலையில் வைக்க வேண்டும். அப்போதும் பெரிதாகக் குறைந்தால் மின்கலம் மூத்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு செயலி உள்ளே ஓயாமல் உழைக்கிறது. குறைவு நின்றுவிட்டால் காரணம் சமிக்ஞையும் செயலிகளின் பேச்சுமே. அமைப்புகளில் மின்கலம் என்ற பகுதியைத் திறந்தால், எச்செயலி எவ்வளவு செலவிட்டது என்ற பட்டியல் இருக்கும். அதில் முன்னணியில் நிற்பவற்றுள் தேவையற்றவற்றின் பின்னணி அனுமதியை நீக்கி, அழைப்புச் செயலியை மட்டும் விட்டுவைக்கலாம். பின்னர் கைத்தொலைபேசியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து, விறாந்தைப் பக்கத்து யன்னலோரம், மணியோசை கேட்கும் தூரத்தில் வைத்தாற் போதும்.