நிரல் எழுதும் முன்பே பிழை சிக்கும்... தெரியுமா?

பத்தே பத்து ஆன்-ஆஃப் சுவிட்ச் போன்ற அம்சங்கள் உள்ள மென்பொருள் 1,024 நிலைகளில் இருக்கலாம். முப்பது என்றால்? 107 கோடி! யார் உட்கார்ந்து அத்தனையையும் தட்டிப் பார்ப்பது? அதனால்தான், வடிவமைப்பை மட்டும் கணித மொழியில் ஒரு மாதிரியாக எழுதி, 'எல்லா வழியிலும் போய்ப் பார்' என்று கம்ப்யூட்டரையே ஏவிவிடுகிறார்கள். மாடல் செக்கிங் என்பது இதுதான். 1990-லேயே எட்மண்ட் கிளார்க் குழுவினர் அலசிய நிலைகள் எத்தனை தெரியுமா? 1 போட்டு 20 சைபர்! (ஒவ்வொன்றாக எண்ணவில்லை, கொத்துக் கொத்தாக அள்ளினார்கள்.)

இருவர் ரகசியமாகப் பேச நீடாமும் ஷ்ரோடரும் 1978-ல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். சாரம் மூன்றே மூன்று செய்திகள். அதில் ஆள்மாறாட்டம் செய்ய ஓட்டை இருப்பதை காவின் லோ கண்டபோது வருடம் 1995! பதினேழு வருடம்! மறு வருடமே எஃப்.டி.ஆர். என்ற மாடல் செக்கிங் கருவியை வைத்து அந்த ஓட்டையைக் காட்டினார். மருந்து? இரண்டாம் செய்தியில் அனுப்புபவரின் பெயரைச் சேர்ப்பது. அவ்வளவுதான்!

அமேசானின் டைனமோடிபி தரவுத்தளச் சங்கதி இன்னும் மிரட்டல். தரவு தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழை, வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, சோதனை எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு உள்ளே ஒளிந்திருந்தது. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளஸ் என்ற மாதிரி எழுதும் மொழிதான் அதைப் பிடித்தது. பிழையைத் தொட மிகக் குறுக்கு வழியே 35 படிகள்! மனித மூளைக்கு எட்டுமா?

'சரியென்று நிரூபிக்கலாம்' என்று 2001-ல் மார்தட்டிய, பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவைத் தேட உதவும் கார்ட் நெறிமுறையும் தப்பவில்லை. 2011-ல் காலத்தை வென்ற ஆய்வு என்று அதற்கு விருது; அடுத்த வருடமே பமேலா ஜேவ், வெளியான எந்த வடிவமும் சரியில்லை என்று அலாய் கருவியால் காட்டினார். விருதுக்குழு என்ன நினைத்ததோ!

என்னைக் கேட்டால், உச்சம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 தான். தானே முடிவெடுத்து விண்கலத்தை ஓட்டும் அதன் 'ரிமோட் ஏஜென்ட்' மென்பொருளில் ஒரு பகுதியை 1997-ல் மாதிரியாக்கி, ஸ்பின் என்ற கருவியிடம் கொடுத்தார்கள். ஐந்து பிழைகள் சிக்கின. திருத்தியாயிற்று, 1998-ல் கலமும் கிளம்பியாயிற்று. 1999 மே மாதம், பூமியிலிருந்து கிட்டத்தட்ட 10 கோடி கிலோமீட்டர் தொலைவில், நிறுத்த வேண்டிய அயனி இயந்திரத்தை நிறுத்தாமல் மென்பொருள் உறைந்துபோனது! ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும் முட்டுக்கட்டை. காரணத்தைத் தேடினால்... ஸ்பின் முன்பே பிடித்துக்கொடுத்த அதே ரகப் பிழை, அதனிடம் கொடுக்கப்படாத வேறொரு பகுதியில்!