110 பெட்டி 1,350 ஆன கணக்கு

கல்லலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பிளஸ் டூ முடித்த மகனை விநியோகச் சங்கிலி மேலாண்மை படிக்கச் சேர்க்கலாமா? அந்த வேலையையும் கம்ப்யூட்டரே பார்த்துவிடும் என்கிறார்களே.” நியாயமான கவலைதான். 2018இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஒரு கட்டுரை, ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் இந்தத் துறையே தேவையற்றுப் போகலாம் என்றது. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 702 வேலைகளுக்குத் தானியங்கி ஆபத்தை மதிப்பிட்டார்கள். கொள்முதல் எழுத்தருக்கு 98 சதவீதம், கிடங்கு, போக்குவரத்து மேலாளருக்கு 59 சதவீதம், சரக்குத் திட்டமிடுநருக்கு 1.2 சதவீதம். காரைக்குடியில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் ஒரே மேசையில் செய்வார். அவருக்கு எந்தச் சதவீதம் பொருந்தும்? பதவியின் பெயரை வைத்துச் சொல்லும் ஆரூடங்களால் பயனில்லை. சரக்கு ஒரு சங்கிலியில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால்தான் எந்தப் பகுதி எந்திரத்துக்குப் போகும், எது மனிதரிடம் நிற்கும் என்று புரியும்.

ஒரு மருந்துச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம்: ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் துணைக் கிடங்கு, அதற்கும் மேல் மாவட்டக் கிடங்கு, கடைசியில் ஆலை. வாரத்துக்கு 100 பெட்டி பாராசிட்டமால் செலவாகிறது. ஆலைக்குக் கீழே உள்ள மூன்று கண்ணிகளும் நான்கு வாரத் தேவையை, அதாவது 400 பெட்டியை, கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஐப்பசி மழையில் காய்ச்சல் கூடி ஒரு வாரம் 110 பெட்டி செலவாகிவிடுகிறது. சுகாதார நிலையத்தில் மிச்சம் 290. இனி வாரம் 110 என்று கொண்டால் இருப்பு 440 ஆக வேண்டும். ஆகவே 150 பெட்டிக்கு இண்டென்ட் போடுகிறார்கள். துணைக் கிடங்குக்கு நோயாளிகள் தெரியாது, இந்த 150 மட்டுமே தெரியும். தேவையே 150 ஆகிவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. கையில் 250, வேண்டியது 600. எனவே 350 கேட்கிறது. அந்த 350ஐக் கொடுத்த மாவட்டக் கிடங்கில் மிஞ்சுவது 50, அதன் விதிப்படி இருக்க வேண்டியதோ 1,400. ஆலைக்கு 1,350 பெட்டிக்கு ஆர்டர் பறக்கிறது. கீழே கூடியது பத்தே பெட்டி.

அடுத்த வாரம் இதைவிட விசித்திரம். நோயாளிகளுக்குச் செலவானது அதே 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையம் 110 கேட்கிறது. துணைக் கிடங்கில் 600 வந்து சேர்ந்திருக்கிறது, 110 போக 490, வேண்டியதோ 440தான். ஆகவே ஆர்டர் இல்லை. அதைப் பார்த்து மாவட்டக் கிடங்கும் ஆர்டரை நிறுத்துகிறது. ஒரு வாரம் இரவும் பகலும் ஓடிய ஆலைக்கு மறுவாரம் வேலை இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாருடைய கூட்டல் கழித்தலும் தப்பவில்லை. ஒவ்வொருவரும் தன் மேசையில் சரியாகச் செய்ததன் மொத்தம்தான் இந்தத் தவறு. நடைமுறையில் விதிகள் இத்தனை கடுமையாக இராது, ஆகவே எண்கள் சிறுக்கும். ஆனால் மேலே போகப்போக ஆட்டம் பெருகுவது மாறாது. இதே விதியை மூன்று கண்ணியிலும் மென்பொருளிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அதே 1,350, இன்னும் வேகமாக வரும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெருக்கத்தை விளக்கினார். குழந்தைகளின் டயப்பர் ஆர்டர்களில் இதைக் கண்ட பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தார் ‘சாட்டை விளைவு’ என்றார்கள். 1997இல் ஆய்வாளர் ஹாவ் லீயும் கூட்டாளிகளும் அதன் காரணங்களை வகுத்தார்கள்.

இந்த விளைவுக்கு மருந்து நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, அவற்றைக் கணினியால் இணைத்தது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் குறித்த தொகைக்குள் தனக்குத் தேவையான மருந்தை அது எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது, எங்கே கரைகிறது என்பது சென்னைக்குத் தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பின்பற்றின. கணினி இதில் உதவியது உண்மை. ஆனால் யார் எதைப் பார்க்கலாம், யார் எவ்வளவு எடுக்கலாம், மருந்தை யார் சோதித்து ஏற்பது என்பதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பேசி வகுத்த ஒழுங்கு. கணினிக்கு முன்னால் அந்த உடன்பாடு வர வேண்டியிருந்தது. நான்கு ஆய்வாளர்கள் 2000இல் கணித ரீதியாகக் காட்டியதும் கவனிக்கத்தக்கது: எல்லோரும் உண்மைத் தேவையை அறிந்தாலும் ஆட்டம் குறையுமே தவிர மறையாது. சரக்கு வந்து சேரும் தாமதம் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

‘செயற்கை நுண்ணறிவு தேவையை முன்கூட்டியே சொல்லிவிடுமே’ என்று கேட்கலாம். 2020இல் வால்மார்ட் விற்பனைத் தரவுகளை வைத்து எம்5 என்ற முன்கணிப்புப் போட்டி நடந்தது. முதலிடம் பெற்ற அணி வழக்கமான முறையை 20 சதவீதத்துக்கும் மேல் விஞ்சியது. இது பெரிய சாதனை. ஆனால் கலந்துகொண்ட 5,500க்கும் மேற்பட்ட அணிகளில் அந்தப் பழைய, எளிய முறையை வென்றவை 7.5 சதவீதம் மட்டுமே. கருவி வாங்கிய எல்லோருக்கும் பலன் கிடைத்துவிடாது.

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலைக்கு மேலே கேமரா மாட்டி எத்தனை வடை தீர்ந்தது என்று எண்ணலாம். அடுத்த பந்திக்கு எவ்வளவு மாவு அரைக்கலாம் என்று மென்பொருள் சமையல்கட்டுக்குச் சொல்லலாம். பாயசம் சூடு ஆறுவதையும், எந்த வரிசையில் ரசம் தாமதம் என்பதையும் அது கண்காணிக்கட்டும். ஆனால் சம்பந்தி வீட்டு பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர்களுக்காக ஒரு பந்தியை நிறுத்திவைப்பதா, வந்திருப்பவர்களை உட்காரவைப்பதா? உள்ளூர்ப் பெரியவரிடம் யார் போய் ‘அடுத்த பந்தியில் உட்காருங்கள்’ என்று மனம் நோகாமல் சொல்வது? பந்தி விசாரிப்பவரின் வேலை அங்கேதான் இருக்கிறது. தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் என்று முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்று, அடுத்தவரை ஏற்கவைப்பதே சங்கிலி மேலாளரின் வேலையும்.

பேரமும் எந்திரத்தால் முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2021இல் வால்மார்ட் கனடாவில் 89 வழங்குநர்களிடம் ஒரு மென்பொருளைப் பேசவிட்டது. எதிர்பார்த்தது 20 சதவீத உடன்பாடு, கிடைத்தது 64 சதவீதம். இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பேசப்பட்டவர்கள் மேலாளர்களுக்கு நேரம் ஒதுக்க முடியாத சிறிய வழங்குநர்கள். பேசியதும் தவணை நாள், தள்ளுபடி போன்றவற்றை. எண்ணாக எழுத முடிந்ததெல்லாம் எந்திரத்துக்குப் போகும். கொள்முதல் எழுத்தர், இருப்புக் கணக்கர் வேலைகள் சுருங்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து இங்கேதான். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவரை அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏற்றித்தான் ஏஜெண்டாக்கினார்கள். முதலாளி கடல் தாண்டி ஊரில் இருக்க, யாரை நம்பலாம் என்று அங்கேயே முடிவெடுக்கும் திறன் கணக்கு எழுதிய அந்த ஆண்டுகளில் வந்தது. இன்று கீழ்ப்படிகளை மென்பொருளிடம் கொடுக்கும் நிறுவனங்கள், பதினைந்து ஆண்டு கழித்து மேலாளரை எங்கிருந்து எடுக்கும்? மிச்சமாகும் சம்பளத்தில் ஒரு பங்கையாவது இளையவர்களைக் கிடங்கிலும் ஆலையிலும் நிறுத்திப் பழக்கச் செலவிட வேண்டும். கல்லல் வாசகருக்குப் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் மென்பொருள் பழக்கம் மட்டும் போதாது. மேலே சொன்ன கணக்கை மகன் தானே போட்டுப் பார்க்கட்டும். விடுமுறையில் ஒரு கிடங்கில் இறங்கி வேலை பார்க்கட்டும். 1,350 என்ற ஆர்டர் திரையில் வரும்போது, கீழே கூடியது பத்துப் பெட்டிதானே என்று சந்தேகப்பட்டு விசாரிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.