ட்ரிப்ஸ் பாட்டிலுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: தீராத அசதிக்கு என்ன காரணம்?

"ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிடும்." தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துத் தெருமுனை கிளினிக்குகளில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு இது. அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது? ஐந்து சதவீத குளுக்கோஸ் கரைசல் என்றால், அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. அது தரும் சக்தி 100 கலோரிக்கு மேல் போகாது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே அது வந்துவிடும். வாந்தி, பேதியில் நீர்ச்சத்து இழந்தவருக்கு ட்ரிப்ஸ் உயிர் காக்கும். வாரக்கணக்கில் தொடரும் அசதியை அது தீர்க்காது. சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவருக்குக் கெடுதலும் செய்யும்.

உழைத்த களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். ஓய்வெடுத்தும் போகாமல் இரண்டு, மூன்று வாரம் நீடித்தால் உடம்பு எதையோ சொல்கிறது என்று அர்த்தம். அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் டானிக், சத்து ஊசி என்று செலவழிப்பது காரணத்தை மறைக்கும், நாளையும் கடத்தும்.

முதல் சந்தேகம்: ரத்தசோகை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் (2019-21) படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதங்களில் 10.5), ஆண்களுக்கு 13 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் பொருளே குறைவதால், ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும். தலைசுற்றல், படபடப்பு, முடி கொட்டுதல் ஆகியவையும் சேரலாம். பச்சரிசியைக் கொறிப்பது, பல்பம், விபூதி, ஐஸ்கட்டி தின்னத் தோன்றுவது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கக்கூடும்.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு, சாப்பாட்டில் இரும்புச்சத்து போதாமை ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மூலம், வயிற்றுப்புண், சில சமயம் குடல் புற்றுநோய்கூட இப்படித்தான் வெளியே தெரியும்.

இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்போடு எடுத்தால் நன்றாகச் சேரும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் அதற்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து பலர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அது இயல்பானதுதான். ஹீமோகுளோபின் சரியான பிறகும், உடம்பில் இருப்பு சேர, பொதுவாக மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். ஈரல், சுவரொட்டி போன்ற அசைவத்தில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். கீரை, கேழ்வரகு, கம்பு சாப்பிடுபவர்கள் கூடவே நெல்லிக்காய், கொய்யா, தக்காளி சேர்த்துக்கொள்ளலாம்.

தைராய்டு, சர்க்கரை, பி12

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, நகரத்துப் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதைக் காட்டியது. அசதியோடு எடை கூடுவது, தோல் வறள்வது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை சேர்ந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை அவசியம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தும் அளவு சரியாகவில்லை என்றால், காலைக் காபியைக் கவனியுங்கள். மாத்திரையை விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இன்னொரு பெரிய காரணம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் செல்களுக்குள் போகாததால் உடம்பு சோர்ந்தே இருக்கும். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதால் தூக்கமும் கெடும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கும் இந்தக் குறை வரும். கை கால் மரத்துப்போவது அதன் அடையாளம்.

பயணம் தின்னும் தூக்கம்

ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கோ, முடிச்சூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கோ வேலைக்குப் போகிறவருக்கு ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயிலும் எடுத்துக்கொள்ளும் நேரம் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. காலையில் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் குறையும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. வார நாள் பாக்கியை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முழுதாக அடைப்பதில்லை.

தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிற்கூடங்களிலும் ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்களிலும் ஷிஃப்ட் வேலை செய்பவர்கள் பகலில் இருட்டான அறையில், தினமும் ஒரே நேரத்தில் தூங்கப் பழகுவது நல்லது. காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் தூங்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்திவிட வேண்டும். எட்டு மணி நேரம் படுத்தும் அசதி போகாமல், குறட்டை பலமாக இருந்து, வண்டி ஓட்டும்போது கண் சொருகினால், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு.

சானடோரியம் காட்டும் பாடம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது, 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937-இல் அரசு அதை ஏற்றது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஓய்வு, நல்ல காற்று, ஊட்டமான சாப்பாடு ஆகியவைதான் சிகிச்சை. பிறகு மருந்து வந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான குடியிருப்புகளில் வசித்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. ஓய்வும் சாப்பாடும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அசதிக்கும் அதே கணக்குதான்: காரணத்துக்கு மருந்து கிடைக்காமல் வெறும் ஓய்வு தெம்பைத் திருப்பித் தராது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் ஆகியவை அசதியோடு இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு.

மனமும் மருந்தும்

பிடித்த வேலையிலும் நாட்டமில்லாமல், விடியற்காலையில் விழிப்பு வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் பாரமாக இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் வந்துபோன பின் சில வாரங்கள் அசதி நீடிப்பதுண்டு. அப்போது வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், சில ரத்தஅழுத்த மாத்திரைகள்கூட ஆளைச் சோர்வாக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், இரும்புச்சத்து மாத்திரை எடுக்காதபோதும் கறுத்த மலம், ரத்தம் கலந்த மலம், திடீரென ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில வேளை வலியே இல்லாமல், காரணம் புரியாத அசதியாக மட்டும் வரும்.

மற்றவர்கள் மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அசதி எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா, எத்தனை மணி நேரத் தூக்கம், எடையில் மாற்றம், மாதவிடாய் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். முழு ரத்த அணு எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய நான்கும் பெரும்பாலும் முதல் கட்டத்துக்குப் போதும். காரணம் தெரிந்து சிகிச்சை தொடங்கினால், மருத்துவர் சொன்ன தேதியில் அதே பரிசோதனையை மறுபடி செய்துபாருங்கள். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பதை, தெம்பு வந்துவிட்டது என்ற நினைப்பைவிட அந்த இரண்டாவது அறிக்கையே நன்றாகச் சொல்லும்.